பெரியப்பா கொடுத்த டேப்லெட்டை என்ன செய்வது?

குழந்தை வளர்ப்பு: வாசகர்களின் கேள்விகளுக்குக் குழந்தை நல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் மகனுக்கு 2 வயது 8 மாதம் ஆகிறது. நானும் கணவரும் வேலைக்குச் செல்வதால், மாலை ஆறு மணி வரை மாமனாரும் மாமியாரும்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறார்கள். இதுவரை கைபேசியோ டேப்லெட்டோ கொடுக்காமல் வளர்த்துவிட்டோம். சென்ற மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த என் கணவரின் அண்ணன், அவனுக்கென்றே ஒரு டேப்லெட் வாங்கி வந்து, எழுத்து, எண், ஆங்கிலப் பாட்டு எல்லாவற்றையும் அதில் ஏற்றியும் கொடுத்திருக்கிறார். "அங்கே எல்லாக் குழந்தைகளும் இரண்டு வயதிலேயே இதில்தான் படிக்கிறார்கள், இப்படியே வைத்திருந்தால் பிள்ளை பின்தங்கிவிடுவான்" என்கிறார். எதிர்வீட்டுக் குழந்தை ஏ முதல் இசட் வரை சொல்வதை மாமியார் தினமும் எடுத்துக்காட்டுகிறார். ஊட்டும்போது அதைக் காட்டினால் ஓர் இட்லி கூடுதலாக இறங்குகிறது என்பதும் அவர் வாதம். நான் வேண்டாம் என்றால் "படித்த திமிர்" என்று பேச்சு வருகிறது. கணவர் எந்தப் பக்கமும் பேசுவதில்லை. எந்த வயதில்தான் கொடுக்கலாம்? அதுவரை வீட்டில் மனத்தாங்கல் வராமல் எப்படித் தள்ளிப்போடுவது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். 2 வயது முடியும்வரை டேப்லெட், கைபேசி, தொலைக்காட்சி எதுவும் வேண்டாம். தூரத்தில் இருக்கும் உறவினரோடு எப்போதாவது வீடியோ அழைப்பில் பேசுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. 2 முதல் 5 வயது வரை, எல்லாத் திரைகளையும் சேர்த்து நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஐ.ஏ.பி. எனப்படும் இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. ஒரு மணி நேரம் என்பது உச்சவரம்பு. அவ்வளவு நேரம் கொடுத்தே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் மகன் 2 வயதைக் கடந்துவிட்டதால், ஒருவர் மடியில் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தால் கெட்டுப்போய்விட மாட்டான். ஆனால் அவனுக்கென்று தனியாக ஒரு டேப்லெட் இந்த வயதில் தேவையே இல்லை. 4 வயது வரை தள்ளிப்போட்டாலும் அவன் இழக்கப்போவது எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறேன்.

உங்கள் கணவரின் அண்ணன் ஆசையாக வாங்கி வந்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் "அங்கே எல்லாக் குழந்தைகளும்" என்று அவர் சொல்வதற்குப் பதில் உண்டு. அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பே 2016-இல் வெளியிட்ட பரிந்துரையில், 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வீடியோ அழைப்பைத் தவிர வேறு திரை வேண்டாம் என்றும், 2 முதல் 5 வயது வரை ஒரு மணி நேரம், அதுவும் தரமான நிகழ்ச்சியைப் பெற்றோருடன் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. வகுப்பறைகளில் கணினியைப் பரவலாகக் கொண்டுவந்த ஸ்வீடன், 2024 செப்டம்பரில், 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரையே கூடாது என்று பெற்றோருக்கு அறிவுறுத்தியது. இந்தக் கருவிகளோடு நமக்கு முன்பே புழங்கத் தொடங்கிய நாடுகள் இப்படித்தான் சொல்கின்றன என்பதை அவரிடம் இதமாகவே எடுத்துச் சொல்லலாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று மாமியார் கேட்டால், சிறு குழந்தை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா கூல் என்ற அறிஞரும் அவர் குழுவினரும், 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியின் ஒலிகளைப் பழக்கிப் பார்த்தார்கள். சீனமொழிக்காரர் ஒருவர் நேரில் உட்கார்ந்து, பொம்மையும் புத்தகமும் காட்டி, 12 முறை பேசி விளையாடிய குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிரித்து அறியக் கற்றுக்கொண்டன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளுக்கும், ஒலிப்பதிவாக மட்டும் கேட்ட குழந்தைகளுக்கும் அது கைவரவில்லை. குரலும் சொற்களும் இரண்டிலும் ஒன்றே. குழந்தை பார்க்கும் பக்கம் தானும் திரும்பிப் பார்த்து, அது சிரித்தால் பேச்சை நிறுத்திச் சிரித்து, அது கை நீட்டிய பொருளின் பெயரைச் சொல்லும் ஓர் ஆள்தான் திரையில் இல்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. பக்கத்து அறையில் ஒரு பொம்மையை ஒளித்து வைப்பதை 2 வயதுக் குழந்தைக்குக் காட்டிவிட்டு, போய் எடுத்துவரச் சொல்வார்கள். சன்னல் வழியாகப் பார்த்த குழந்தை நேராகப் போய் எடுத்துவிடும். அதே காட்சியைத் திரையில் பார்த்த குழந்தை பெரும்பாலும் தடுமாறும். இரண்டரை வயது வாக்கில்தான் திரையில் கண்டதை எதிரில் இருக்கும் உலகத்தோடு பொருத்திப் பார்க்கும் திறன் மெல்லப் பிடிபடுகிறது. உங்கள் மகன் இப்போது அந்த வாசற்படியில்தான் நிற்கிறான்.

எதிர்வீட்டுக் குழந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன் மூன்று வயதுப் பையன் ஒருவனை என்னிடம் அழைத்து வந்திருந்தார்கள். சுவரில் இருந்த படத்தைக் காட்டியதும் ரெட், யெல்லோ, பர்ப்பிள் என்று தடையில்லாமல் சொன்னான்; இருபது வரை எண்ணினான்; உச்சரிப்பு அப்படியே ஓர் அமெரிக்கக் குழந்தையுடையது. உடன் வந்த பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. சற்று நேரத்தில் அவனுக்குத் தாகம் எடுத்தது. அவன் "தண்ணி" என்று கேட்கவில்லை; அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை; அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், தண்ணீர் பாட்டில் இருந்த பையின் மேல் அந்தக் கையை வைத்தான். அவனுக்கு வேறு பரிசோதனைகளும் தேவைப்பட்டன; எல்லாப் பழியையும் டேப்லெட்டின் மேல் போட நான் தயாராக இல்லை. ஆனால் அந்த நிறங்களும் எண்களும் வீட்டாரின் கண்ணை மறைத்துவிட்டன என்பது மட்டும் நிச்சயம். இவ்வளவு சொல்கிற பிள்ளைக்கு என்ன குறை என்று ஒரு வருடத்தைக் கடத்திவிட்டார்கள். எழுத்தை ஒப்பிப்பது வேறு, பேசுவது வேறு. "அம்மா, அந்த நாய்க்குட்டி எங்க போச்சு?" என்று கேட்கும் குழந்தை, ஏ முதல் இசட் வரை சொல்லத் தெரியாவிட்டாலும் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது.

பின்தங்கிவிடுவான் என்ற பயம் உங்களுக்குள்ளும் கொஞ்சம் இருக்கக்கூடும். தொடுதிரையை இயக்குவது மிக எளிதாகக் கற்றுக்கொள்ளும்படியாகவே வடிவமைக்கப்பட்ட வேலை. ஐந்து வயதில் முதன்முதலாக வாங்கிக் கொடுத்தாலும் ஒரே வாரத்தில் பழகிவிடுவான். பென்சிலைப் பிடிக்கும் விரல்பிடி அப்படி ஒரு வாரத்தில் வருவதில்லை. சப்பாத்தி மாவை உருட்டியும், சொப்பில் தண்ணீர் ஊற்றியும், பட்டாணி உரித்தும், சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டியும்தான் அந்த விரல்களுக்கு வலு ஏறுகிறது. பள்ளியிலும் இதைத்தான் கேட்கப்போகிறார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: கொரோனாவால் பள்ளிகள் எல்லாம் மூடிக்கிடந்த 2020 ஜூலையில் மத்தியக் கல்வித் துறை வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதலில்கூட, மழலையர் வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மேல் இணையவழி கூடாது என்றும், அந்த நேரமும் பெற்றோரோடு பேசி வழிகாட்டுவதற்கே என்றும் வரையறுத்திருந்தார்கள். வேறு வழியே இல்லாத காலத்திலேயே அவ்வளவுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன். திரையைப் பார்த்தபடி சாப்பிடும் குழந்தையை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். கண் இமைக்காது, கரண்டி உதட்டில் படும்போது வாய் தானாகத் திறக்கும், மென்றோமா விழுங்கினோமா என்ற நினைவுகூட இருக்காது, கன்னத்தில் இட்லி ஒதுங்கியிருக்கும். பசியும் நிறைவும் உள்ளிருந்து தெரிய வேண்டியவை. அந்தப் பாடத்தைக் கற்க வேண்டிய வயதில் அவன் வயிற்றின் பேச்சு அவனுக்கே கேட்காமல் போகிறது. மாமியார் சொல்வதுபோல் ஓர் இட்லி கூடுதலாக இறங்குவது உண்மைதான். அது அவன் கேட்ட இட்லி இல்லை. அதே நேரத்தில் அவர் கஷ்டத்தையும் பாருங்கள். இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் காக்கா காட்டி ஊட்ட அவருக்கு இப்போது தெம்பு இருக்காது. தட்டைக் குழந்தை முன்னால் வைத்து, அவனையே எடுத்துச் சாப்பிட விட்டு, இருபது நிமிடத்தில் எழுந்துவிடலாம், மீந்தால் மீறி ஊட்ட வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், அவருக்கு அது பெரிய விடுதலையாக இருக்கும். எடை ஏறவில்லையே என்ற கவலை இருந்தால், மாதம் ஒருமுறை எடை பார்த்து அட்டையில் குறித்து அவரிடமே காட்டுங்கள்.

இனி வீட்டுப் பேச்சு. இதை உங்கள் மாமியாரிடமும் கணவரின் அண்ணனிடமும் நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் சொல்வதே முறை. அம்மாவிடம் மகன் சொன்னால் அது ஒரு கருத்தாகக் கேட்கும். மருமகள் சொன்னால் தன் வளர்ப்பைக் குறை சொல்வதுபோல் கேட்கும். "மருத்துவர் சொல்லிவிட்டார்" என்று அவர் என்மேல் பழியைப் போடட்டும். அதற்காகத்தானே நாங்கள் இருக்கிறோம். அடுத்து, அந்த டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம், அலமாரியில் ஒளித்து வைக்கவும் வேண்டாம். இது குழந்தையின் பொருள் இல்லை, வீட்டின் பொருள் என்று அனைவர் முன்னிலையிலும் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பாவோடு பேசுவதற்கு அதை எடுங்கள். இங்கே காலை என்றால் அங்கே சனிக்கிழமை இரவு. அவருக்கும் ஓய்வாக இருக்கும். அவர் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு படப் புத்தகத்தைக் காட்டிக் கதை சொல்லட்டும்; பாட்டி இந்தப் பக்கம் அவனை மடியில் வைத்துக்கொண்டு, "பெரியப்பா என்ன கேக்குறாங்க, சொல்லு" என்று தூண்டிவிடட்டும். வீடியோ அழைப்புக்கு மருத்துவ அமைப்புகள் விலக்கு அளித்ததன் காரணமே, எதிரில் பதில் பேசும் ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான். கொடுத்தவர் மனமும் நோகாது. கருவியும் இந்த வயதுக்கு ஏற்ற ஒரே வேலையைச் செய்யும்.

மூன்றரை, நான்கு வயதில் தொடங்கும்போது, யூடியூபைத் திறந்துவிட்டுப் போகாதீர்கள். முன்பு தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி முடிந்தால் முடிந்தது. இங்கே ஒன்று முடியும் முன்பே அடுத்தது தானாக ஓடத் தொடங்கிவிடுவதால், நிறுத்தும் வேலை முழுவதும் உங்கள் தலையில் விழுந்து அழுகையில் முடிகிறது. தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டு, இரண்டு பாட்டோ ஒரு கதையோ முன்கூட்டியே பதிவிறக்கி வைத்து, இணையத்தைத் துண்டித்துக் கொடுத்தால், அது முடியும்போது தானாகவே முடிந்துவிடும். ஒரே செயலிக்குள் நிறுத்திவைக்கும் வசதி ஐபேடிலும் உண்டு, ஆண்ட்ராய்டிலும் உண்டு. தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து வேண்டவே வேண்டாம். அடம் பிடிக்கும்போது சமாதானத்துக்கும் வேண்டாம்: 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, அழுகையை அடக்க அடிக்கடி கருவியைக் கொடுப்பதற்கும், பிற்பாடு உணர்ச்சிக் கொந்தளிப்பு கூடுவதற்கும், குறிப்பாக ஆண் குழந்தைகளிடம், தொடர்பு இருப்பதைக் காட்டியது. மாலை ஆறு மணிக்கு நீங்கள் வீடு திரும்பியதும் முதல் அரைமணி நேரம் உங்கள் இருவர் கைபேசிகளும் அலமாரியின் மேல் இருந்தால், இந்த விதி மாமியாருக்கு மட்டும் போட்டது இல்லை என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: எனக்கு 72 வயது. எல்.கே.ஜி. படிக்கும் பேத்தி மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அதன் பிறகு அவள் எங்கள் பொறுப்பு. மனைவிக்கு முழங்கால் வலி. மருமகள் டேப்லெட்டைப் பூட்டி வைத்துவிட்டுப் போகிறார். நாலரை வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேரம் காட்டினால் என்ன குற்றம்?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஐயா, குற்றம் ஒன்றும் இல்லை. நாலரை வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்றால் அது வழிகாட்டுதலுக்கு உட்பட்டதே. அரைமணி போதும் என்பது என் எண்ணம். உங்களைப் போன்றவர்கள் இந்த வயதில் மறுபடியும் ஒரு குழந்தையை வளர்க்கிறீர்கள்; முழங்கால் வலியோடு ஓடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் உங்கள் மருமகளுக்குத் தெரியாமல் உங்கள் கைபேசியில் காட்டிவிடாதீர்கள். அம்மா வேண்டாம் என்பதைத் தாத்தா தருவார் என்று குழந்தை கண்டுகொண்டால், பிறகு எந்த விதியும் அந்த வீட்டில் நிற்காது. மதியத் தூக்கத்துக்குப் பின் நான்கு மணி முதல் நான்கரை வரை, நீங்களோ உங்கள் மனைவியோ பக்கத்தில் உட்கார்ந்து, மருமகள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் நிகழ்ச்சியைப் பார்ப்போம் என்று அவரிடமே பேசி முடிவு செய்யுங்கள். முழுவதும் பூட்டி வைப்பதைவிட இது நல்லது என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்லலாம்.

நான்கரைக்கு மேல் அவளை வாசலுக்கு அனுப்பிவிட்டு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். கிட்டப்பார்வை வராமல் இருக்க வெளிச்சம் ஒரு பெரிய காப்பு. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாள்தோறும் 120 நிமிடம் திறந்தவெளியில் இருக்கச் செய்யும் திட்டத்தை நடத்திவருகிறார்கள்; அதன் பின் அங்கே பார்வைக் குறைபாட்டின் ஏறுமுகம் தணியத் தொடங்கியது. நம் ஊர் வெயிலில் உச்சிவேளையில் நிற்க வேண்டியதில்லை. மாலை வெளிச்சத்தில் மரநிழலில் நொண்டி ஆடினாலும் போதுமானது. மற்ற நேரத்தில் கீரை ஆய்வதையும் துணி மடிப்பதையும் உங்கள் மனைவி அவளிடம் ஒப்படைக்கட்டும். வேலை இரண்டு மடங்கு நேரம் ஆகும், அதுதான் நமக்கு வேண்டியதும்.

கேள்வி: என் மகளுக்கு 2 வயது 3 மாதம். ஒரு வயதிலிருந்தே நாளில் நான்கைந்து மணி நேரம் டேப்லெட் பார்த்துப் பழகிவிட்டாள். அம்மா, அப்பா, தா என்று ஏழெட்டுச் சொற்கள்தான் வருகின்றன. உறவினர் ஒருவர் இது "விர்ச்சுவல் ஆட்டிசம்", டேப்லெட்டை நிறுத்தினாலே சரியாகிவிடும் என்கிறார். காத்திருக்கலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: காத்திருக்க வேண்டாம். டேப்லெட்டை இன்றே நிறுத்துங்கள். ஆனால் அது மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அவர் சொல்லும் பெயர், மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நோய்ப்பெயர் இல்லை. 2 வயதில் ஒரு குழந்தை ஏறக்குறைய 50 சொற்களும், "பால் வேணும்", "அப்பா போயாச்சு" போன்று இரண்டு சொல் சேர்ந்த பேச்சும் பேச வேண்டும். அது வராததற்குக் காது கேட்பதில் குறை, வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம், பேச்சுப் பழக்கமே குறைவாகக் கிடைத்தது எனப் பல காரணங்கள் இருக்கலாம். பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. நீங்கள் செய்த தவறு என்று உங்களையே வருத்திக்கொள்வதாலும் பயனில்லை. நிறுத்தியபின் சில நாள் அழுகையும் தூக்கக் குலைவும் இருக்கும். தளராமல் இருங்கள், அந்த நான்கைந்து மணி நேரத்தைப் பேச்சால் நிரப்புங்கள்.

முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும், பிறகு வளர்ச்சி மதிப்பீடு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் இவை இரண்டையும் இலவசமாகவே செய்கிறார்கள். பேச்சுப் பயிற்சியும் அங்கே உண்டு. போகும்போது தடுப்பூசி அட்டையையும், ஒரு வாரம் கவனித்து அவள் தானாகச் சொன்ன சொற்களையும், எதைக் கேட்கக் கையைக் காட்டினாள், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பினாளா என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.